ஒப்புகைச் சீட்டு தரும் திரை

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைத் திறந்தால், வேலை செய்யும் ஜன்னல் வருவதற்கு முன்னால் நடுத்திரையில் ஒரு சின்னப் படம் வந்து நிற்கும். கம்பெனி பெயர், வெர்ஷன் எண், கீழே பொடி எழுத்தில் நாலு வரி. சில விநாடிகளில் தானே மறைந்துவிடும். கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோவில் போட்டோஷாப் திறக்கும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஸ்பிளாஷ் ஸ்கிரீன் என்று பெயர். இதைப் பற்றி எழுபது வயது தாண்டிய ரிட்டயர்டு கிளார்க்குக்கு என்ன கருத்து இருக்க முடியும் என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. அது அலங்காரப் படம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது ஒப்புகைச் சீட்டு.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனு வந்த அன்றே அதன் மேல் முடிவு எடுக்க முடியாது. பகிர்மானப் பதிவேட்டில் எண் போட வேண்டும், பிரிவுக்குப் போக வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், கோப்பு மேலே போய்க் கீழே வர வேண்டும். ஆனால் மனுவை வாங்கியவுடன் தேதி முத்திரை போட்டு ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டால் மனுதாரர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். கொடுக்காவிட்டால், அடுத்த வாரம் அதே மனுவை மறுபடி எழுதிக் கொண்டுவருவார். ஒரே விஷயத்துக்கு இரண்டு கோப்பு, இரண்டு எண், இரண்டு பதில். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தச் சீட்டை பிரெஞ்சில் 'ரெசெப்பிசே' என்பார்கள். எந்த மொழியில் சொன்னாலும் அதன் அர்த்தம் ஒன்றுதான்: நீ சொன்னது எனக்குக் கேட்டது.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான். ஜேக்கப் நீல்சன் என்பவர் 1993-இல் வெளிவந்த தம் நூலில் மூன்று எல்லைகளைச் சொன்னார். பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை நினைப்பு அறுந்துபோகாது. 10 விநாடி தாண்டினால் மனம் வேறு பக்கம் போய்விடும். அதற்கு முன்பே, 1985-இல், பிராட் மயர்ஸ் என்பவர் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையை ஆராய்ந்து, அது இருப்பதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று எழுதினார். வரிசையில் நின்று பழகிய நமக்கு இது புதிய செய்தி இல்லை.

இனி நம் ஊர்க் கதை. சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறை. இரு சக்கர வண்டிக்கான உதிரி பாகங்களைக் கடைந்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். டெலிவரி சலான் அடிக்க ஒரு புரோகிராம் உண்டு. அதை எழுதியவன் எங்கள் தெருப் பையன். பழைய கம்ப்யூட்டர், தகவல் எல்லாம் வேறொரு மெஷினில். காலையில் திறக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் திரையில் ஒன்றுமே தெரியாது. சலான் போடும் பெண் ஐகானை அழுத்தினாள், ஒன்றும் வரவில்லை, மறுபடி அழுத்தினாள். புரோகிராம் இரண்டு முறை திறந்துகொண்டது. இரண்டும் 'அடுத்த எண்' என்று ஒரே எண்ணை எடுத்துவைத்துக்கொண்டன. ஒரே எண்ணில் இரண்டு சலான் போயிற்று. வாங்கும் கம்பெனியின் கேட்டில் இரண்டாவது லாரியை உள்ளே விடவில்லை. பட்டறை முதலாளி அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தார்.

பையன் என்னிடம் வந்து, "சார், ஓனர் ஸ்பிளாஷ் ஸ்கிரீன் போடச் சொல்றார். கம்பெனி லோகோ அஞ்சு செகண்ட் நிக்கணுமாம்" என்றான்.

"ஏம்பா, ஏற்கெனவே அரை நிமிஷம். அதுக்கு மேல அஞ்சு செகண்டா? லாரிக்காரன் உன் லோகோவைப் பார்க்கவா நிக்கிறான்?" என்றேன்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்காகப் படம் வைத்தால் அது மரியாதை. படத்துக்காகக் காத்திருக்க வைத்தால் அது அதிகாரம். விஷுவல் பேசிக்கில் இதற்கென்று ஒரு அமைப்பு இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் படம் குறைந்தது 2 விநாடி நிற்கும். வந்த வேகத்தில் மறைந்தால் கண் கூசும் என்பதற்காக வைத்திருப்பார்கள், அதில் குற்றமில்லை. அதை 5 ஆக்குவது, 10 ஆக்குவது, வேலை முடிந்த பிறகும் கவுண்டரை மூடி வைத்துக்கொண்டு உட்காருவது போல.

பையனிடம் பேசிப் பேசி நான் புரிந்துகொண்டதை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்வதற்காக எழுதிவைக்கிறேன்.

முதலாவது, படம் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். பாதி வேலை முடிந்த பிறகு வந்தால் பயனில்லை. ஜாவாவில் 2006-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு வசதி இருக்கிறது. ஜாவா இயந்திரம் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே படம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, படம் காட்டுவது ஒரு கை, சர்வரிடம் பேசுவது இன்னொரு கை என்று வேலையைப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தால் படம் உறைந்து நிற்கும். சுமார் 5 விநாடி அசைவில்லாவிட்டால் விண்டோஸே 'இந்த புரோகிராம் பதில் சொல்லவில்லை' என்று அறிவித்துவிடும்.

மூன்றாவது, படம் எல்லா ஜன்னலுக்கும் மேலே ஏறி உட்காரக் கூடாது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ, 'சர்வர் கிடைக்கவில்லை' என்ற செய்தியோ அதன் அடியில் ஒளிந்துகொண்டால், மனுஷன் படத்தையே பார்த்துக்கொண்டு இருப்பான்.

நான்காவது, இரண்டாம் முறை அழுத்தினால் இன்னொன்று திறக்கக் கூடாது. ஏற்கெனவே திறந்திருப்பது முன்னால் வர வேண்டும்.

ஐந்தாவது, உண்மையைச் சொல்ல வேண்டும். 'சர்வருடன் இணைகிறது', 'பொருள் பட்டியல் வருகிறது' என்று நடப்பதை நடக்கும்போது சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் போய் நிற்கும் பொய்ப் பட்டை வேண்டாம்.

மொழியும் முக்கியம். அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். ஓசூருக்குள்ளேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்குகின்றன. இங்கே 'லோடிங்' என்று மட்டும் போட்டால் அது மெஷினைப் பற்றிய செய்தி, மனிதனிடம் பேசுவது ஆகாது. பிரெஞ்சில் 'வெயே பாசியாந்தே' என்பார்கள். அந்த வினைச்சொல்லிலேயே பொறுமை இருக்கிறது. நம் 'பொறுங்கள்' என்பதிலும் காத்திருப்பதும் பொறுமையும் ஒன்றாகவே இருக்கின்றன. இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு ஏன் இரவல் வாங்க வேண்டும்? பையன் 'சற்றுப் பொறுங்கள்' என்று போட்டு, அதன் கீழே கன்னடத்தில் 'தயவிட்டு நிரீக்ஷிஸி' என்றும் போட்டான்.

லோகோவுக்கும் இடம் கொடுத்தான். ஆனால் வேலை முடிந்த நொடியில் படம் போய்விடும்.

இன்னும் ஒன்று உண்டு. போட்டோஷாப்பின் முகப்புப் படத்தில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். 1990-இல் வெளிவந்த முதல் பதிப்பை எழுதிய தாமஸ் நோல் பெயர் அதில் உண்டு. சீதாராமன் நாராயணன் என்ற பெயரும் பல பதிப்புகளில் வந்தது. பெயரைக் கேட்டாலே நம்ம பக்கத்துக்காரர் என்று தோன்றும். அந்தச் சில விநாடிகளில் தினமும் பார்த்துப் பார்த்தே, உலகெங்கும் படம் வரைகிறவர்கள் அவருக்கு இணையத்தில் ரசிகர் பக்கம் வைக்கும் அளவுக்குப் போனார்கள். காத்திருப்பவருக்குச் செய்தி, உழைத்தவருக்குப் பெயர். ஒரே படத்தில் இரண்டு கடன் தீர்கிறது.

அலுவலகத்தில் குறிப்புக் கோப்பின் ஓரத்தில் எழுதியவன் சுருக்கொப்பம் இருக்கும். தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். நன்றாக இருந்தாலும் தெரியும். பையனின் பெயர் இப்போது அந்தப் படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான்தான் போடச் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரட்டைச் சலான் வரவில்லை என்கிறான். அந்தப் பெண்ணுக்குப் பிடித்த ஒரு நாள் சம்பளம் திரும்பி வந்ததா என்றால், வரவில்லை. இரண்டு முறை அழுத்தியது அவள் குற்றம் என்றே முதலாளி இன்றும் சொல்கிறார். பதில் சொல்லாத கவுண்டரில் இரண்டாம் முறை கேட்பது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தினமும் எல்லை தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் இந்த மாதிரி புரோகிராம்கள்தான் எழுதுகிறார்கள். ராத்திரி சாப்பிட உட்காரும்போது ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "நீ எழுதுறது, அழுத்தின உடனே பதில் சொல்லுமா?" என்று.