பறக்கும் ரயிலும் நடக்கும் பெண்களும்

மலையில் இருந்துகொண்டு சென்னை ரயிலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். வெள்ளிமலையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் மேற்படிப்புக்கோ வேலைக்கோ சென்னை செல்லும் பெண்கள் உண்டு. அவர்களுள் சிலர் வாழ்நாளில் முதன்முதலாக ஏறும் ரயிலே அந்நகரத்து ரயில்தான். ஆகவே அந்த ரயில் எவ்வழியே போகிறது, ஏன் அவ்வழியே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

சென்னை மக்கள் 'பறக்கும் ரயில்' என்று அழைக்கும் பாதைக்கு 1980-களின் தொடக்கத்தில் ஒப்புதல் கிடைத்தது. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் வண்டி ஓடியது. 1997-ல் திருமயிலை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர். திட்டம் தீட்டிய ஆண்டில் பிறந்த பெண் குழந்தை, வேளச்சேரிக்கு வண்டி வந்த நாளில் பட்டம் பெற்று வேலைக்கே போயிருப்பாள்!

இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட பாதை, மக்கள் மிகுதியாக நடமாடும் வீதிகளையொட்டியா அமைந்தது? இல்லை. பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயின் வழியே போயிற்று. காரணம் எளிது. நகரத்தின் நடுவே வீடுகளையும் கடைகளையும் இடித்து நிலம் எடுப்பது கடினம். கால்வாயோ அரசின் உடைமை. அதன் கரையிலும் படுகையிலும் தூண்களை நிறுத்தினால் நிலச் செலவு மிச்சம்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தக் கால்வாய்ப் பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்கும் நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எதுவும் நிலைக்கவில்லை. படகுகள் சென்ற அந்த நீர்வழியில் இன்று தூண்கள் நிற்கின்றன. மழைவெள்ளம் ஓட வேண்டிய இடம் குறுகிப்போனது. நிலத்தில் மிச்சம் பிடித்ததை நீரில் தொலைத்தோம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பழைய சென்னை இப்படி எண்ணவில்லை. 1895-ஆம் ஆண்டிலேயே அங்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சார டிராம் முதலில் ஓடிய நகரம் அதுவே. டிராம் வண்டி கடைத்தெருவின் நடுவே வரும். படியேற வேண்டியதில்லை, ஆளில்லாத தாழ்வாரத்தைக் கடக்க வேண்டியதில்லை. கூடையோடு வரும் பெண் தெருவிலிருந்தே ஏறி, தெருவிலேயே இறங்கலாம். நிறுவனம் நட்டத்தில் மூழ்கி 1953-ல் டிராம் நின்றது. இன்று ஐரோப்பிய நகரங்கள் பல 'இலகு ரயில்' என்று புதுப்பெயர் சூட்டி அதே டிராமைத் திரும்பவும் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. நாம் கழித்துப் போட்டதை அவர்கள் பொன்னாகப் போற்றுகிறார்கள்.

பறக்கும் ரயில் நிலையங்களுக்கு வருவோம். கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று எண்ணி அவற்றைப் பென்னம் பெரிய மாளிகைகளாகக் கட்டினார்கள். எதிர்பார்த்தபடி கடைகள் வரவில்லை. பல மாடிகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தன. பகலிலும் இருண்ட படிக்கட்டுகள், ஆள் அரவமற்ற தளங்கள்! இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியே இறங்கும் பெண், ரயிலுக்குள் அஞ்சுவதில்லை; ரயிலை விட்டு இறங்கிய பிறகு வரும் அந்த நூறு அடிக்குத்தான் அஞ்சுகிறாள். வரைபடம் போட்டவர்கள் அந்த நூறு அடியைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. கலங்கரை விளக்கம் நிலையத்துக்கும் திருமயிலைக்கும் இடையே 1997 முதலே வண்டி ஓடியது. ஆனால் இடையிலுள்ள முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014-ல்தான் திறக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள் அப்பகுதி மக்கள் தலைக்கு மேலே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே பேருந்துக்குக் காத்து நின்றார்கள்.

குறையே சொல்லிக்கொண்டிருப்பதும் நியாயமன்று. குறைந்தபட்சம் 5 ரூபாய்க்குப் பயணச்சீட்டுத் தரும் ரயில் அது. ஏழைக்கு அதைவிட மலிவான விரைவு வண்டி அந்நகரத்தில் ஏது? தரமணியில் டாக்டர் தர்மாம்பாள் அரசினர் மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. திருவான்மியூர் நிலையத்தின் அருகே 2000-ல் டைடல் பூங்கா எழுந்தபின், பாதையின் தென்பகுதியில் காலையிலும் மாலையிலும் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்த நிலையங்களில் அச்சமும் குறைந்தது. பெண்களுக்குக் காவலைவிட நல்ல துணை மற்றப் பெண்களே என்பது என் எண்ணம்.

கத்தோலிக்க இல்லத்தவருக்கு இப்பாதையில் தனி ஆவல் ஒன்றும் உண்டு. புனித தோமையாரின் கல்லறை மீது எழுந்த சாந்தோம் பேராலயம் இப்பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் உயிர்நீத்த இடமாக வணங்கப்படும் பரங்கிமலை, வேளச்சேரிக்கு அப்பால் சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே ரயில் இணைக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் பத்தாண்டுக்கு மேல் அது தடைபட்டுக் கிடந்தது. வீட்டை இழப்பவர் வழக்காடுவதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. முதலிலேயே அவர்களோடு அமர்ந்து பேசி, உரிய விலையைக் கொடுத்திருந்தால் இத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்குமா?

இனி நம் பக்கம் வருவோம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கிலோமீட்டரில் ரயில் பாதை என்ற பேச்சு இம்மாவட்டத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது, எப்போது வரும், எத்தனை கோடி என்றுதான் கேட்கிறார்கள். நிலையம் பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், வழியில் விளக்கு உண்டா, காத்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்று கேட்பாரைக் காணோம். பெற்றோர் இவற்றை ஊராட்சிக் கூட்டத்தில் கேட்கலாம். மாவட்ட ஆட்சியருக்கு மனுவாகவும் எழுதலாம். எழுத நம் பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறோம்.

மனுவில் முதலில் எழுத வேண்டியது இது: மாலை ரயிலில் வந்து இறங்கும் பெண்கள் நடந்து வந்து ஏறும்வரை, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் கடைசிப் பேருந்து புறப்படாமல் காத்து நிற்க வேண்டும்.