எஸ்டிமேட்டில் ஒரு வரி

போடியில் நிலநடுக்கம் என்று பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில், "நம்ம மலை ஒரே பாறை, அசையாது" என்பதுதான். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்ததே சார்னோகைட் பாறையின் கெட்டித்தன்மைக்காகத்தான் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். பாறையைப் பற்றிச் சொல்வது சரிதான். ஆனால் நாம் கட்டிக்கொடுக்கும் வீடுகளில் எத்தனை பாறைமேல் நிற்கின்றன? போடிமெட்டுக்கு ஏறும் வழியிலும், மேலே பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்திலும், சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டி நிரவி, அந்தத் திட்டில்தான் வீடு எழும்புகிறது. பின்சுவருக்கு வெட்டிய கெட்டித் தரை, முன்சுவருக்குக் கொட்டிய மண். தரை நடுங்கும்போது இந்த இரண்டும் ஒரே அளவில் நகராது.

வரலாறும் அந்தப் பதிலுக்குத் துணை நிற்பதில்லை. 1988 ஜூனில் நெடுங்கண்டம் பகுதியில் 4.5 அளவில் நடுக்கம் வந்தது. 2000 டிசம்பர் 12 அன்று ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5.0, ஒரு மாதம் முடிவதற்குள் 2001 ஜனவரி 7 அன்று 4.8. 2011-ல் இடுக்கியில் அடுத்தடுத்துச் சிறு நடுக்கங்கள். அப்போது எல்லையின் இரு பக்கமும் பேச்சு முழுவதும் முல்லைப் பெரியாறு அணையைச் சுற்றியே போனது. மாதக்கணக்கில் நடந்த அந்த விவாதத்தில், தொழிலாளர் குடியிருப்பின் கருங்கல் சுவர் எந்தச் சாந்தில் நிற்கிறது என்ற கேள்விக்கு இடமே கிடைக்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கட்டடத் தொழிலில் இருக்கும் நாம்.

இவையெல்லாம் சின்ன நடுக்கங்கள்தானே என்பவர்களுக்கு 1900 பிப்ரவரி 8-ஐ நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தை உலுக்கிய நடுக்கத்தின் அளவு சுமார் 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அதிகாலை வந்தது 6.2. ஏறக்குறைய அதே அளவு. கில்லாரியும் நம்மைப் போலத் தக்காணத்தின் பழைய கெட்டி நிலம். அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலம். விநாயகர் ஊர்வலம் முடிந்து வந்து அயர்ந்து தூங்கிய பல ஆயிரம் பேர் எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு, 2002-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, முதல் மண்டலம் என்ற வகையையே எடுத்துவிட்டது. கேரளம் முழுவதையும், தமிழ்நாட்டின் மேற்கில் கோவை, நீலகிரிப் பகுதிகளையும் மூன்றாம் மண்டலத்தில் வைத்தது.

கில்லாரியில் ஆட்களைக் கொன்றது எது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதே சுவர் நம் மலையிலும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றரை அடி, இரண்டடிக் கருங்கல் சுவர். உறுதியின் அடையாளமாகவே தெரியும். உள்ளே அது ஒரே சுவர் அல்ல. வெளிமுகக் கல் ஒரு வரிசை, உள்முகக் கல் ஒரு வரிசை, நடுவில் சல்லிக்கல்லும் மண்ணும். இரண்டு முகங்களையும் குறுக்கே பிடித்துக்கொள்ளும் நீளக்கல் கிடையாது. நடுங்கும்போது நடுவிலுள்ள சல்லி கீழே இறங்கி ஆப்பு போல இரு முகங்களையும் வெளியே தள்ளும். சுவர் வயிறு புடைத்து, ஒரு முகம் உள்ளே தூங்குபவர்மேலும் மறுமுகம் வெளியேயும் சரியும். பிறகு கூரையின் பாரம் முழுவதும் இறங்கும். கில்லாரியில் மரச்சட்டத்தின் மேல் கனத்த மண் கூரை இருந்தது. நம்மிடம் அது இல்லை. ஓடு, தகரம், ஆஸ்பெஸ்டாஸ் என்று கூரை பெரும்பாலும் லேசானது. இந்த வித்தியாசம் நமக்குக் கிடைத்த பெரிய சாதகம். மேலே ஒரு தளம் போட்டுவிடலாம் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, பழைய கல் சுவரின்மேல் கான்கிரீட் ஸ்லாப் ஏற்ற மறுப்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் முதல் உதவி.

புதிதாகக் கல் கட்டுபவர்களுக்கு வழி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. கில்லாரி விழுந்த அதே 1993-ல் வெளியான ஐ.எஸ். 13828, சுவர்த் தடிமன் 450 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, 600 மி.மீ. உயரத்துக்கு ஒருமுறை வரிசையை மட்டம் செய்து, அந்த மட்டத்தில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் குறுக்குக்கல் வைக்க வேண்டும் என்கிறது. நீளக்கல் கிடைக்காவிட்டால் கம்பி போட்ட கான்கிரீட் கட்டையை வார்த்து வைக்கலாம்.

பழைய சுவருக்கும் வழி இருக்கிறது. ஏ. எஸ். ஆர்யா போன்ற பொறியாளர்கள் எழுதிய வழிகாட்டிகள் சொல்லும் இந்த வேலை நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலைதான். சுமார் ஒரு மீட்டருக்கு ஒன்றாக, அடுத்தடுத்த வரிசையில் அரை மீட்டர் தள்ளித் தள்ளி, இடம் குறித்துக்கொள்ள வேண்டும். பூச்சை எடுத்து, கல்லைச் சுற்றியுள்ள சாந்தைச் சுரண்டி, சின்னக் கடப்பாறையால் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக மெல்ல அசைத்து அந்த ஒரு கல்லை மட்டும் உருவ வேண்டும். சம்மட்டி கூடவே கூடாது. உள்சல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 75 மி.மீ. துளையை மறுமுகம்வரை கொண்டுபோய், அங்கும் ஒரு கல்லை உருவ வேண்டும். துளையில் பாதிக்கு 1:2:4 கான்கிரீட் வைத்து, இருமுனையும் கொக்கி வளைத்த 8 மி.மீ. கம்பியைக் கிடத்தி, மீதியை நிரப்பிப் பத்து நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். மலையின் ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும் என்பதால், இருமுனைக் கொக்கியும் கான்கிரீட்டுக்குள் நன்றாக மூடியிருக்கிறதா என்று பூசும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு அறைக்கு ஆகும் சிமெண்டும் கம்பியும் மிகக் கொஞ்சம். கேட்பது கவனத்தைத்தான்.

கீழே ஊருக்குள் கதை வேறு. செங்கல், ஹாலோ பிளாக். இங்கே நாம் மிச்சம் பிடிக்கும் இடம் லிண்டல். கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக வார்த்து நிறுத்திவிடுகிறோம். எல்லாச் சுவர்களையும் சுற்றி, மூலையில் கம்பி முறியாமல் திரும்பி ஓடும் ஒரே பெல்ட்டாக அது இருந்தால்தான் நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பிடிக்கும். 75 மி.மீ. கனத்துக்கு இரண்டு கம்பி, 150 என்றால் நான்கு. ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லி நாமே நின்று பார்க்க வேண்டும். 90 டிகிரியில் விட்ட ரிங் குலுக்கலில் வாய் பிளந்துவிடும்.

சுவர் நின்றுவிட்டாலும் வீட்டுக்குள் இருப்பவை விழும். மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி என்பது ஒரு டன் எடை. அதைக் கைப்பிடிச் சுவரோரம், சாந்து சரியாகப் பிடிக்காத செங்கல் மேடையில் வாசலுக்கு நேர் மேலே வைக்கிறோம். வீட்டுக்காரர் ஓடி வரும் வழி அது. நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரியில் கம்பியில்லாச் செங்கல் முகப்புகளும் கைப்பிடிச் சுவர்களும் தெருவில் விழுந்து பலரைக் கொன்றன. தொட்டியை உள்சுவரின் மேல் நகர்த்திக் கட்டுங்கள். படுக்கைத் தலைமாட்டில் நிற்கும் பீரோவை இடம் மாற்றச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் மேல்பக்கம் இரண்டு எல் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். ஹாலோ பிளாக்கின் வெற்றறையில் போட்ட பிளக் பிடிக்காது, லிண்டல் பெல்ட்டில் அல்லது பில்லரில்தான் போல்ட் போட வேண்டும். பரணில் அண்டாவும் குத்துவிளக்கும் இருக்கும் வீட்டில் பரண் விளிம்புக்கு ஒரு தடுப்புச் சட்டம். எரிவாயு சிலிண்டருக்கு ஒரு சங்கிலி. இவற்றைச் செய்ய அரை நாள் போதும், நம் ஆள் எப்படியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

குலுங்கும்போது என்ன செய்வது என்று குடும்பம் நம்மிடம்தான் கேட்கும், ஏனென்றால் பதில் வீட்டைப் பொறுத்தது. பெல்ட்டும் பில்லரும் சரியாக இருக்கும் கான்கிரீட் வீட்டில் மேஜைக்கடியில் பதுங்கித் தலையை மூடிக்கொள்வது சரி. மண்சாந்துக் கல் சுவர் கொண்ட ஓர் அறை வீட்டில், கதவு இரண்டெட்டில் இருந்து, வெளியே திறந்த இடமும் இருந்தால் உடனே வெளியேறுவது மேல். பகலில் அந்த வீட்டில் இருப்பது யார் என்பதையும் மறக்கக்கூடாது. போடி, தேவாரம், கோம்பையிலிருந்து இருட்டோடு ஜீப் ஏறும் பெண்கள் மேலே ஏலத் தோட்டத்தில். வீட்டில் பாட்டியும் பிள்ளைகளும். சாலையில் மண் சரிந்தால் அம்மா இரவுக்குள் இறங்கி வர முடியாது, மலையில் பல இடங்களில் செல்போனுக்கு சிக்னலும் கிடைக்காது. ஆகவே பிள்ளை யார் வீட்டில் போய் நிற்க வேண்டும், வெளியூரிலுள்ள எந்த உறவினருக்கு இருவரும் தகவல் சொல்ல வேண்டும் என்பது முன்பே பேசி முடிவாகியிருக்க வேண்டும். டார்ச், செருப்பு, பாட்டியின் மாத்திரை, ஸ்மார்ட் கார்டு நகல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077: இவை கதவுப் பக்கம் ஒரு பையில்.

திறந்த இடம் என்று சொல்லும்போது, வெட்டிய சரிவின் அடியைக் காட்டிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் லயன் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளோடு 70 உயிர்களை எடுத்துப் போனது மழை இறக்கிய மண். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நனைந்து கனத்த அப்படிப்பட்ட சரிவை ஒரு மிதமான நடுக்கமும் இறக்கிவிடும். தாங்குசுவரின் தண்ணீர்த் துளைகளை மண் அடைத்திருந்தால், அவற்றைக் குத்தித் திறந்துவிடுவதும் நிலநடுக்க ஆயத்தம்தான்.

இதற்கென்று தனியாக யாரும் நம்மைக் கூப்பிடப்போவதில்லை. ஒழுகும் ஓட்டை மாற்ற, கழிவறை கட்ட, கல்யாணத்துக்கு முன் பூசி வெள்ளையடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த எஸ்டிமேட்டிலேயே "நில அதிர்வுப் பாதுகாப்பு வேலை" என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்குரிய தொகையையும் எழுதுங்கள் என்று இந்த இதழைப் படிக்கும் பொறியாளர்களையும் மேஸ்திரிகளையும் கேட்டுக்கொள்கிறோம். வேண்டாம் என்று வீட்டுக்காரர் அந்த வரியை அடித்தாலும் அடிக்கட்டும். அந்த வேலை என்ன என்று கேட்காமல் யாரும் அடிக்க மாட்டார்கள், அப்போது நாம் விளக்க முடியும். தோட்ட நிர்வாகங்களுக்குக் கொடுக்கும் வருடாந்தரப் பராமரிப்புக் கணக்கிலும் இதே வரி வேண்டும். பல லயன்களில் தொழிலாளி தன் சுவரில் கை வைக்க உரிமை இல்லாதவர், அவருக்காகக் கேட்க வேறு ஆள் இல்லை.

தென்மேற்கு மழை ஜூனில் ஏறிவிடும், அதன் பின் காயெடுப்பு தொடங்கினால் வீட்டில் ஆளும் இருக்காது, வேலைக்கு ஆளும் கிடைக்காது. மாசியிலிருந்து வைகாசிக்குள் செய்தால்தான் உண்டு. பணம் ஒரு சுவருக்கு மட்டுமே போதும் என்றால், ஓட்டுக்கூரையின் முக்கோணச் சுவரிலிருந்து தொடங்குங்கள். மேலே பிடிமானம் இல்லாமல் நிற்பதால் முதலில் விழுவது அதுதான், பல வீடுகளில் அதனடியில்தான் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கிறார்கள்.