கூறியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலப் பத்திரிகைகளில் 'அலெஜட்லி' என்னும் சொல், ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டிருக்கிறதேயன்றி அது இன்னும் நிரூபணமாகவில்லை என்பதை வாசகருக்கு உணர்த்தும் பொருட்டு ஆளப்படுவது. அதன் ஸ்தானத்தில் நம் பத்திரிகைகள் வழங்கும் 'கூறப்படுகிறது' என்ற பிரயோகமோ, நாளடைவில், தீர விசாரியாமல் எழுதுவதற்கு ஒரு சௌகரியமாகவே ஆகிவிட்டது. கடையின் பூட்டு உடைந்து கிடப்பதை நேரில் கண்ட நிருபரே 'பூட்டு உடைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது' என்று எழுதுகிறார்; அதே செய்தியில், போலீஸார் சந்தேகத்தின்பேரில் பிடித்துச் சென்ற இளைஞரை மட்டும் யாதொரு தயக்கமுமின்றித் 'திருடன்' என்றே குறிப்பிட்டுவிடுகிறார். ஜாக்கிரதை எங்கே அவசியமோ அங்கே அது இல்லை என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

'கூறப்படுகிறது' என்னும் சொல் சட்டத்தின் முன் கவசமாகும் என்று சிலர் நம்புவதும் சரியன்று. பிறர் சொன்ன அவதூறை எடுத்துப் பிரசுரிப்பவரும் அதற்குப் பொறுப்பாளியே என்பது இங்கிலாந்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற சட்டக் கொள்கை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் அமலுக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவும், அவதூறைச் சொல்பவரோடு பிரசுரிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன.

ஆகையால், கூறியவர் போலீஸ் அதிகாரியா, புகார் கொடுத்தவரா, அக்கம்பக்கத்தாரா என்பதைச் செய்தியிலேயே தெரிவிக்கும்படியும், எவரும் பொறுப்பேற்க முன்வராத குற்றச்சாட்டுகளை அறவே தவிர்க்கும்படியும் தங்கள் நிருபர்களைப் பணிக்குமாறு வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்