கண்ணுக்கு ஒரே சொல்: பிலிப்பைன் மொழிகள் புகட்டும் பாடம்

ஒரு வட்டாரத்தின் மொழியைப் பதிவு செய்யச் செல்லும் களப் பணியாளர் முதற்கண் உடலுறுப்புகளின் பெயர்களைக் கேட்டெழுதுவது வழக்கம். அதன் காரணம் வெளிப்படை. வாணிகத்தோடு பண்டங்களின் பெயர்கள் வந்து சேரும். ஆட்சியோடு அலுவலகச் சொற்கள் வரும். சமயத்தோடு வழிபாட்டுச் சொற்கள் வரும். கண்ணுக்கும் தலைக்கும் அயலாரிடம் பெயர் கடன் வாங்கும் தேவையோ அரிதாகவே எழுகிறது. ஆகவே இச்சொற்கள் மொழிகளின் பழைய உறவை நெடுங்காலம் காத்து நிற்கின்றன.

இதற்குப் பிலிப்பைன் தீவுகள் சிறந்த சான்று. 7,641 தீவுகளைக் கொண்ட அந்நாட்டில் 170க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. வடக்கில் பேசப்படும் இலோக்கானோ, தலைநகரைச் சார்ந்த தகலாகு, அதற்கு அண்மையிலுள்ள கபம்பாங்கான், விசாயத் தீவுகளின் செபுவானோ ஆகிய அனைத்திலும் கண் என்பதற்கு 'மத்தா' என்றே பெயர். மலாய் மொழியிலும் பிஜி மொழியிலும் அதே சொல். ஹவாயில் அது 'மக்கா'. ஆப்பிரிக்கக் கரையை அடுத்த மடகாஸ்கரில் 'மாசு'. இவை யாவும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் தொன்மையான கிளைகள் தைவான் தீவின் பழங்குடிகளிடையே வழங்குகின்றன என்பது அறிஞர் பெரும்பாலோரின் முடிவு.

எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவை நிலைநாட்ட இயலாது. இக்கால கிரேக்க மொழியிலும் கண்ணுக்குப் பெயர் 'மாத்தி'. அது 'ஒம்மாத்தியோன்' என்னும் பழைய கிரேக்கச் சொல் தேய்ந்து பிறந்தது; 'மத்தா'வோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. நம் நாட்டுச் சந்தாலியின் 'மெத்' என்பதும் மேகாலயத்துக் காசி மொழியின் 'க்மத்' என்பதும் நம்மைத் திகைக்க வைக்கும். இம்மொழிகளின் குடும்பத்தையும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தையும் ஒருங்கிணைக்கும் கொள்கையை வில்ஹெல்ம் ஷ்மிட் 1906இல் வெளியிட்டார். அஃது இன்றளவும் அனைவராலும் ஏற்கப்படவில்லை. உறவுக்குச் சான்று ஒழுங்கான ஒலித்திரிபே. சமோவாவில் 'மத்தா' எனப்படுவது ஹவாயில் 'மக்கா' ஆவது போலவே, மூன்றைக் குறிக்கும் 'தொலு' அங்கே 'கொலு' ஆகிறது. இவ்வொழுங்கு பல சொற்களிலும் தொடர்ந்து காணப்படுமாயின், அப்போதுதான் உறவு உறுதிப்படும்.

உறவு உறுதிப்பட்ட பின்னரும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்ணை விட்டுக் கைக்கு வருவோம். தகலாகில் கை 'கமாய்', செபுவானோவில் 'கமோத்', இலோக்கானோவில் 'இமா'. காது முறையே 'தைங்ஙா', 'தலுங்கான்', 'லப்பாயாக்'. கைக்கு உரிய பழஞ்சொல் 'லிமா' என்பது. அது கையையும், விரல்களின் தொகையாகிய ஐந்தையும் குறித்தது. தகலாகில் இன்று அதற்கு ஐந்து என்னும் பொருள் மட்டுமே எஞ்சியுள்ளது. ஹவாயிலோ இரு பொருளும் வாழ்கின்றன. ஒரு சொல்லால் உடன்பிறந்தாராகத் தோன்றும் மொழிகள் அடுத்த சொல்லிலேயே ஒன்றுக்கொன்று விளங்காதனவாகி விடுகின்றன.

ஆகவேதான் 'தங்கை மொழிதானே, குழந்தை தானே கற்றுக்கொள்ளும்' என்னும் வாதத்தை நான் ஏற்பதில்லை. பிலிப்பைன்ஸில் தொடக்க வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. 2024ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டாயத்தை நீக்கி, தகலாகை அடிப்படையாகக் கொண்ட பிலிப்பினோவையும் ஆங்கிலத்தையும் பயிற்று மொழிகளாக்கியது. வட்டார மொழிகள் துணை நிலை பெற்றன. பல மொழிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் அமரும் இடர்ப்பாடு மெய்யானதே. ஆயினும் 'இமா' என்று சொல்லிப் பழகிய குழந்தைக்குக் 'கமாய்' என்பது புதுச்சொல். ஆசிரியர் அதனைப் புதுச்சொல்லாகவே கற்பித்தல் வேண்டும். 'மத்தா' போன்ற பொதுச்சொல் பாடத்தைத் தொடங்குவதற்கு உதவும்; பாடம் முழுவதையும் அது சுமக்காது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் களப் பணியாளர்க்கும் ஒன்று கூறுவேன். ஆங்கிலச் சொற்பட்டியலில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பெயரும், அதன்கீழ் வேறொரு பெயரும் உள்ளன. நம் தமிழில் இரண்டும் 'கை'யே. அப்பட்டியலைத் தமிழாக்கும் ஒவ்வொரு முறையும் என் பேனா அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. இவ்விடர் எம்மொழியிலும் நேரலாம். ஆதலின் சொல்லைக் கூறிச் சொல்லைக் கேளாதீர்கள். உறுப்பைச் சுட்டிக் கேளுங்கள். அது எதுவரை செல்லும் என்று மறுபடியும் கேளுங்கள். பக்கத்து ஊரின் சொல்லும் அதுவே என்று நீங்களாக எழுதிவிடாமல், அங்கும் சென்று கேட்டு எழுதுங்கள்.