4096 வாளிகள்

பேசாலையில் கோவில் பாடற்குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணை, எக்கோ பெடல் ஒண்டு செய்து தாறீங்களோ? போனில வாற எக்கோ வேண்டாம். பழைய பாட்டுகளில மாதிரித் திரும்பத் திரும்ப மங்கிப் போகவேணும்." காது உள்ள பிள்ளை. அந்த மங்கலுக்குக் காரணம் ஒரு ஐசி.

வள்ளத்திலிருந்து மீன் கூடையை ஆளுக்காள் கைமாற்றிக் கரையேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். 1969இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டரும் டேரும் செய்தது அதைத்தான். தீயணைக்க வாளி கைமாற்றுகிற வரிசையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஐசிக்குள் சின்னஞ்சிறு கப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கிளொக் அடிக்க அடிக்கக் கிட்டாரின் மின்னழுத்தம் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகரும். அதை எண்ணாக மாற்றுகிற வேலையே இல்லை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் சிந்தும். கிளொக்கின் கீச்சொலி வெளியே வராமலிருக்கப் போடுகிற வடிகட்டி, கிட்டாரின் கூர்மையையும் சேர்த்து மழுக்கும். தம்பி கேட்ட மங்கல் அதுதான்.

கைமாற்றும் வாளிகளாக 4096 படிகள் உள்ள ஐசியைப் 10 கிலோஹேர்ட்ஸ் கிளொக்கில் ஓட்டினால் 204.8 மில்லிசெக்கன் தாமதம் கிடைக்கும். 1024 படி என்றால் 51.2 தான். அது கோரஸுக்கு நல்லது, எக்கோவுக்குக் காணாது.

4096 படி ஐசிகளில் எல்லாரும் தேடுவது மட்சுஷிதாவின் எம்என்3005. 1981இல் வந்த போஸ் டிஎம்-2 பெடலில் முதலில் இருந்தது அதுதான். அதன் உற்பத்தி நின்று பல வருடமாகிவிட்டது. தலைமன்னார் ரயிலில் கொழும்புக்குப் போய், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடை கடையாகக் கேட்டேன், இல்லை. வெளிநாட்டிலிருந்து மூன்று வரவழைத்தேன். மூன்றிலும் இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. பஞ்சில் அசிற்றோன் நனைத்துத் துடைத்தபோது எம்என்3005 என்ற எழுத்து அழிந்து, அடியில் வேறொரு இலக்கம் தெரிந்தது. வேறு ஏதோ ஐசிக்குப் பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். இளம் பிள்ளைகள் சேர்த்துவைத்த காசு இப்படிப் போவதை நினைத்தால் எனக்கு ஆறாது.

கடைசியில் ஐசி கிடைத்தது மன்னாரிலேயே. சவுண்ட் செற் வாடகைக்கு விடுகிற ஒருவரின் பின்னறையில் 1980களின் எக்கோ மிக்சர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. திறந்தால் அதே வகையைச் சேர்ந்த எம்என்3205, பக்கத்தில் அதற்குக் கிளொக் கொடுக்கிற எம்என்3102. உப்புக் காற்றில் கால்களெல்லாம் பச்சை பிடித்திருந்தன. ஈயத்தை மெல்ல உருக்கிக் கழற்றி, கால்களைச் சுரண்டி, சொக்கெற்றில் வைத்தேன். சொக்கெற் கட்டாயம் போடுங்கள், பழைய காலில் சூட்டுக்கோலை இரண்டாம் தரம் வைக்கக்கூடாது. 3205க்கு 9 வோல்ற் பற்றரி போதும். 3005 கேட்பது 15 வோல்ற், அதுவும் எதிர் மின்னழுத்தம், கிளொக்குக்கு எம்என்3101. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஐசி போய்விடும்.

பழையது கிடைக்காதவர்கள் கூல்ஓடியோவின் வி3205 வாங்கலாம். முதற் பெடலுக்குத் தைவான் பிரின்ஸ்டனின் பிடி2399 போதும். மலிவு, செய்யச் சுகம். ஆனால் அது உள்ளுக்குள் டிஜிட்டல். அனலொக் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்கவேண்டாம்.

தம்பியின் பெடல் இப்போது கோவிலில் ஒலிக்கிறது. சவுண்ட் செற்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய எக்கோ மிக்சர்களைப் பழைய இரும்புக்குப் போடவேண்டாம். மூடியைத் திறந்து, எம்என் என்று தொடங்குகிற ஐசி இருந்தால், பக்கத்தில் கிட்டார் வாசிக்கிற பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.