மழை பெய்தால் பாட்டிக்கு வேலையில்லை

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் வாரத்தில் எங்கள் நிலையத்தின் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. மேற்கல்வி பற்றிய நேரடி அங்கத்தில் புந்தோங்கிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மகளுக்கு ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி. கணக்கியல் எடுக்கச் சொன்னால், ஆங்கிலம் படித்து விரிவுரையாளராக வேண்டும், சிறுவர்களுக்குக் கதை எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம்.

“தங்கச்சி, கதை படிக்கிறதுக்கு ஒரு பட்டமா? அது சோறு போடுமா? அப்படியே அவ இங்கிலீஷ்ல கதை எழுதினாலும், அதுல நமக்கு என்ன இருக்கு?”

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வானொலியில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. இரண்டாவதற்கு ஒரு பக்கம் வேண்டும். இந்த வாரம் அந்தப் பக்கம் இதுதான்.

முதலில் சோற்றுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலுக்குள் போக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று ஆசிரியர் கல்விக் கழகம். நம் பேராவில் உலு கிந்தாவில் அதன் ஈப்போ வளாகம் இருக்கிறது. அந்தக் கழகத்தில் பயின்று வெளியே வருபவர் பள்ளி ஆசிரியராகிறார். மற்றொன்று பல்கலைக்கழகம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன், மூவெட் ஆங்கிலத் தேர்வு, இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். தஞ்சோங் மாலிமில் 1922இல் மலாய் ஆசிரியர்களுக்கான கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

விரிவுரையாளர் ஆவதற்குள் ஏறக்குறைய பத்தாண்டு ஓடிவிடும். அதற்குப் பிறகும் நிரந்தர இடங்கள் குறைவு. தனியார் கல்லூரிகளில் பலருக்கு ஒப்பந்த வேலைதான். அதே சமயம், மொழியை ஒழுங்காக எழுதவும் எழுதக் கற்பிக்கவும் தெரிந்தவருக்குப் பாடநூல், பதிப்பகம், மொழிபெயர்ப்பு, நிறுவனங்களின் எழுத்து வேலை என்று பக்கத்துக் கதவுகளும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் சோறு போடும். தினமும் விருந்து போடும் என்று சொல்ல மாட்டேன்.

இனி இரண்டாவது கேள்வி. அதில் நமக்கு என்ன இருக்கிறது?

அந்த அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1877இல் ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. பின்னர் பேரா முழுக்கத் தோட்டங்கள் பரவின. அங்கே வேலைக்கு நம் முன்னோர்கள் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளியும் வந்தது. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். சில தோட்டங்களில் கிராணியே வாத்தியார். தொடக்கக் கல்வியோடு படிப்பு முடிந்தது. ஆங்கிலம் வேண்டுமானால் பட்டணத்துக்குப் போக வேண்டும். ஈப்போவில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909இல் ஆண்டர்சன், 1912இல் செயின்ட் மைக்கல் என்று ஆங்கிலப் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானத்துக்கு அந்தக் கட்டணமும் தூரமும் எளிதல்ல. 1970இல் தொடங்கி ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது.

இத்தனையையும் தாண்டி ஆங்கிலம் கற்றவர் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்றுதான் பெற்றோரும் வேண்டிக்கொண்டார்கள். ஆங்கிலம் நமக்கு வெளியே போகும் கதவாகவே இருந்தது. அதன் வழியே எதையும் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சிலர் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நமக்கு வடக்கே கெடா, பீடோங்கில் 1942இல் பிறந்தவர் கே.எஸ்.மணியம். தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம், பிறகு சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து சென்றார். ஊர் திரும்பிப் பள்ளிகளில் கற்பித்தார். மலாயா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவர், 1980 முதல் 1997 வரை அங்கேயே விரிவுரையாளராக இருந்தார். ஆங்கிலக் கல்வித் துறையில் ஒருவர் ஏறக்கூடிய படிகள் பலவற்றில் ஏறியவர் அவர்.

அங்கே நின்றுகொண்டு அவர் எதை எழுதினார்? 1981இல் வந்த ‘தி ரிட்டர்ன்’ நாவலில் ரவி என்ற சிறுவன் வருகிறான். சலவைத் தொழிலாளியின் மகன். ஆங்கிலப் பள்ளியில் அவனுக்கு ஆங்கிலேயச் சிறுவர் கதைகளின் உலகம் அறிமுகமாகிறது. வீட்டிலோ, இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்த பாட்டி பெரியதாயியின் நினைவு. தன் வீடு நிற்கும் மண் தனக்குச் சொந்தமாக வேண்டும் என்று ஏங்கி, அது நடக்காமலே போன பாட்டி. இங்கிலாந்தில் படித்துவிட்டு ஆசிரியராகத் திரும்பும் ரவிக்கு அந்த ஏக்கத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாவலின் கனம் அங்கேதான்.

2000இல் இடைநிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இலக்கியம் சேர்க்கப்பட்ட பிறகு, சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ மாணவர்கள் இந்த நாவலைப் படித்தார்கள். அரசாங்கப் பாடத்தில், ஆங்கிலத்தில், பெரியதாயி என்ற பெயர். அதே 2000இல் புதுடில்லியில் அவருக்கு ராஜா ராவ் விருதும் கிடைத்தது. 2020இல் மணியம் மறைந்தார்.

இன்னொருவர் நம் ஈப்போவில் வளர்ந்தவர், பிரீத்தா சமரசன். அமெரிக்காவில் படித்து, பிரான்சில் வாழ்கிறார். 2008இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் ‘ஈவினிங் இஸ் தி ஹோல் டே’. ஈப்போவில் ஒரு வசதியான இந்தியக் குடும்பம், ஆறு வயது ஆஷா, வீட்டை விட்டு அனுப்பப்படும் வேலைக்காரப் பெண் செல்லம். பெரிய வீட்டில் நடப்பதையெல்லாம் ஒரு குழந்தை எப்படிப் பார்க்கிறாள் என்பது அதில் இருக்கிறது.

அந்த நாவலின் தலைப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? குறுந்தொகையிலிருந்து. மிளைப்பெருங்கந்தனார் பாடிய, பிரிந்திருப்பவருக்கு மாலைப் பொழுது எது என்று பேசும் பாடல். நம் ஊர்ப் பெண்ணின் ஆங்கில நாவலுக்கு அது ஏ.கே.ராமானுஜனின் மொழிபெயர்ப்பு வழியே வந்து சேர்ந்தது.

இந்த ராமானுஜனின் கதையை அந்த அம்மாவுக்கு முழுதாகச் சொல்ல ஆசை. 1929இல் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்து, இந்தியக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்தவர். பிறகு அமெரிக்கா. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் வேறு எதையோ தேடப் போனவர் கையில் பழைய தமிழ்ப் பாடல் தொகுப்பு கிடைத்தது. 1967இல் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை அவர் ஆங்கிலத்தில் தந்தபோது, தமிழ் தெரியாத உலகம் சங்கக் கவிதையைத் திரும்பிப் பார்த்தது. அதோடு நிற்கவில்லை. அடுப்படியில் பாட்டிகளும் அத்தைகளும் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியபடி சொல்லும் கதைகளைப் பல ஆண்டுகள் சேகரித்தார். பல இந்திய மொழிகளின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து 1991இல் நூலாக்கினார். ஆங்கில ஆசிரியராகத் தொடங்கியவர் இப்படிப் பாட்டியின் கதைக்கு வந்து சேர்ந்தார்.

மகள் ஆங்கிலம் படித்தால் நமக்கு என்ன என்று கேட்பவருக்கு இந்த மூவரையும் காட்டுவேன். எவ்வளவு தூரம் போனாலும் மூவர் எழுத்திலும் நம் வீடும் மொழியும் இருந்தன.

சிறுவர் இலக்கியத்துக்கு வருவோம். பல்கலைக்கழகத்தில் அதைப் படிப்பதென்றால் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பொழுது போக்குவது அல்ல. இந்தக் கதையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, படம் என்ன சொல்கிறது, எந்தப் பிள்ளை இதைப் படித்து என்ன நினைக்கும் என்றெல்லாம் ஆராய்வது. அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் ஒரு கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் சன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். சன்னலில் பிறர் வாழ்க்கை தெரியும். கண்ணாடியில் தன் முகம் தெரியும். கறுப்பினக் குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது அது. நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். அவர்கள் படிக்கும் ஆங்கிலக் கதைகளில் பனி பெய்கிறது, ஓநாய் வருகிறது. சன்னலுக்குக் குறைவில்லை. கண்ணாடி எங்கே?

ஓர் உதாரணம். மழையைப் போகச் சொல்லும் அந்த ஆங்கிலப் பாட்டை நம் பாலர் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பாடுவார்கள். வெளியே விளையாட முடியாத குழந்தையின் ஏக்கம் அது. என் பாட்டியும் மழையைப் போகச் சொன்னவர்தான். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். மரம் நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாது. பட்டையெங்கும் வழிந்து வீணாகும். மங்கில் விழுவதிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குக் கூரையில் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, அரிசி டின்னை ஒரு முறை திறந்து பார்ப்பாராம்.

பாட்டி இன்று இல்லை. அவர் சொன்னதை நான் நாற்பது நிமிடம் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். வானொலிக்காரிக்கு அது ஒன்றுதான் தெரியும். தனக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது என்று அதில் சொல்கிறார். அடுத்த நிமிடமே ‘பெரட்டு’ என்கிறார், ‘லயம்’ என்கிறார், ‘ஸ்டோர்’ என்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஆங்கில ‘பரேட்’. வரிசை வீடான லயம் ஆங்கில ‘லைன்’. துரையின் மொழியைத் தன் நாக்குக்கு ஏற்ப வளைத்து, ஆயுள் முழுக்கப் பேசியிருக்கிறார்.

இதை ஒரு சிறுவர் கதையாக நினைத்துப் பாருங்கள். மழை பெய்கிறது. பேத்திக்குக் கொண்டாட்டம், பாட்டி வீட்டிலேயே இருப்பார். பாட்டிக்குக் கவலை, டின்னில் அரிசி இல்லை. ஒரே மழை, ஒரே லயம், இரண்டு மனசு. தமிழில் எழுதினால் நம் பிள்ளைக்குக் கண்ணாடி. ஆங்கிலத்தில் எழுதினால் லண்டன் பிள்ளைக்குச் சன்னல். தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளரும் நம் பிள்ளைக்கு அப்போதும் கண்ணாடிதான். ஆங்கிலத்தில் எழுதுவதால் தமிழுக்குத் துரோகம் என்று சிலர் நினைக்கலாம். கதை எழுதப்படாமலே போவதுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது. அந்தத் தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, பள்ளியும் இல்லை. தோட்டம் நினைவில் இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. தாமான் வீடுகளில், அடுக்குமாடிகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறது, கையில் கைப்பேசியோடு.

எழுத்துப் பயிற்சியில் நல்ல ஆசிரியர்கள் முதல் வரைவில் சிவப்பு மையை அவசரமாக எடுப்பதில்லை. முதலில் பிள்ளை சொல்ல வந்தது என்ன என்று கேட்பார்கள். பிறகு திருத்தி எழுதச் சொல்வார்கள். எழுத்துப் பிழை கடைசியில். நம் வீடுகளில் இது தலைகீழ். பிள்ளை நான்கு வரி எழுதினால் முதலில் கண்ணில் படுவது இறந்தகால வினைச்சொல்தான். அடுத்த முறை அந்தப் பிள்ளை பிழை வராத வரிகளை மட்டுமே எழுதும். அப்படிப்பட்ட வரிகளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பிள்ளையைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ‘அந்தக் காலத்துல எப்படி இருந்தீங்க?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘கஷ்டப்பட்டோம்’ என்று முடித்துவிடுவார்கள். சின்னதாகக் கேட்கட்டும். ‘மழை பெஞ்சா என்ன செய்வீங்க, பாட்டி?’ ‘ரப்பர் கொட்டையை வச்சு என்ன விளையாடுவீங்க, தாத்தா?’ பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பிறகு பத்து வரி எழுதட்டும். தமிழோ ஆங்கிலமோ இரண்டும் கலந்தோ, அதன் விருப்பம். எழுதியதைப் பெரியவருக்கே உரக்கப் படித்துக் காட்டட்டும். ஆங்கிலமாக இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லட்டும். ‘அப்படி இல்லடா, இப்படி’ என்று பாட்டி திருத்துவார். அந்தத் திருத்தத்தை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இளம் பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் நாளுக்கு முப்பது மின்னஞ்சல் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அந்த ஆங்கிலத்தில் வாரம் ஒரு பக்கம் நம் வீட்டுக் கதைக்குக் கொடுத்தால் என்ன? பட்டம் வேண்டாம், பதிப்பகம் வேண்டாம். தம்பி மகளுக்குப் படித்துக் காட்டும் அளவுக்கு இருந்தால் போதும்.

புந்தோங் அம்மாவின் மகளைப் போல் எங்காவது ஒரு பெண் இதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், அவளைத் தடுக்காதீர்கள். பத்தாண்டுப் படிப்பு என்பதையும் வேலை இடங்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பாட்டி இருக்கும் அறைக்கு அவளை அனுப்பி வையுங்கள். அவளுடைய முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது.