கதவு தட்டும் ஓசை



ஜெபம் முடிந்ததும் கடமையும் முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பேராக், பாப்பானில் தாதியாயிருந்த கத்தோலிக்கப் பெண்மணி சிபில் கார்த்திகேசு அப்படி நினைக்கவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், இரவில் வந்து கதவைத் தட்டிய எதிர்ப்புப் படையினருக்கு, கணவர் டாக்டர் கார்த்திகேசுவுடன் சேர்ந்து இரகசியமாகச் சிகிச்சை செய்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவருக்கு அவர்கள் காயம்பட்ட மனிதர்கள், அவ்வளவுதான். 1943-இல் பிடிபட்டார். கொடிய சித்திரவதையிலும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1945-இல் விடுதலையானபோது நடக்கவும் இயலவில்லை. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948-இல் மறைந்தார்.

நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் துடித்தால், "அது அவர்கள் பாடு" என்று போர்வையை இழுத்துக்கொள்கிறோமா? நம்மை யாரும் சிறையில் அடைக்கப் போவதில்லையே! எழுந்து கதவைத் திறப்போம். அதுவும் ஜெபந்தான்.